செய்தி இல்லாத ஒரு நாள்

இரவு 8.45 மணி. செய்தி கேட்பதற்காக வானொலியைத் திருப்புகிறீர்கள். அறிவிப்பாளர் வணக்கம் கூறுகிறார். "இன்று பெரிய வெள்ளிக்கிழமை. செய்தி எதுவும் இல்லை" என்கிறார். அவ்வளவுதான். மீதி நேரம் முழுவதும் பியானோ இசை ஒலிக்கிறது.

இப்படி ஒரு நாள் நடந்தால் நீங்கள் என்ன எண்ணுவீர்கள்? அறிவிப்பாளர் வேடிக்கை செய்கிறார் என்று எண்ணக்கூடும். அல்லது நாட்டில் ஏதோ விபரீதம் நடந்துவிட்டது, அதை மறைக்கிறார்கள் என்று ஐயுறவும் கூடும். ஆனால் இது உண்மையாகவே நடந்தது. 1930ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள், இங்கிலாந்தின் பி.பி.சி. வானொலி இவ்வாறுதான் அறிவித்தது. அறிவிப்பாளர் வேடிக்கை செய்யவில்லை. எதையும் வேண்டுமென்று மறைக்கவும் இல்லை. படிக்கத் தகுந்த செய்தி தம்மிடம் இல்லை என்றே அவர்கள் உண்மையாக நம்பினார்கள்.

அன்று உலகில் ஒன்றுமே நடக்கவில்லையா? நடந்தது. நம் நாட்டிலேயே நடந்தது. அப்படியானால் அது ஏன் அந்த ஒலிவாங்கியை எட்டவில்லை? இதற்கு விடை காண, வானொலியில் செய்தி பிறந்த கதையைச் சற்றுப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

இருமுறை வாசித்த முதற் செய்தி

1922ஆம் ஆண்டு அக்டோபரில், வானொலிக் கருவிகளைச் செய்து விற்ற நிறுவனங்கள் ஒன்றுசேர்ந்து லண்டனில் பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கம்பெனியை அமைத்தன. கேட்பதற்கு ஒன்றுமில்லை என்றால் கருவியை யார் வாங்குவார்கள்? எனவே, கருவி விற்பனைக்காகவே நிகழ்ச்சிகள் வேண்டியிருந்தன. நவம்பர் 14ஆம் நாள் மாலை '2 எல்.ஓ.' என்ற அழைப்புப் பெயர் கொண்ட நிலையத்திலிருந்து முதல் ஒலிபரப்பு நடந்தது. முதல் நிகழ்ச்சியே செய்திதான்.

ஆர்தர் பரோஸ் என்பவர் அதை வாசித்தார். லண்டனில் மூடுபனி, அரசியல் தலைவர் போனார் லாவின் சொற்பொழிவு, வின்ஸ்டன் சர்ச்சிலின் கூட்டத்தில் எழுந்த கூச்சல், ஒரு ரயில் கொள்ளை, பில்லியர்ட்ஸ் ஆட்டத்தின் முடிவு என்று பலவும் அதில் இருந்தன. வாசித்த முறைதான் புதுமை. ஒருமுறை விரைவாகவும், மறுமுறை நிதானமாகவும் படித்தார். எந்த வேகம் உங்களுக்கு வசதி என்று கேட்போரையே வினவினார்.

இன்று இது நமக்குச் சிரிப்பைத் தரலாம். ஆனால் எண்ணிப் பாருங்கள். செய்தித்தாளைப் படிப்பவர் வேண்டுமானால் நிறுத்தலாம். ஒரு வரியைத் திரும்பப் படிக்கலாம். காதால் கேட்பவருக்கு அந்த வசதி இல்லை. போன சொல் போனதுதான். அதிலும், அன்று பலரிடம் இருந்தவை படிகக் கருவிகள். கலீனா என்னும் ஈயக் கனிமத் துண்டின் மேல் மெல்லிய கம்பி முனையை நகர்த்தி, சரியான இடத்தைத் தேட வேண்டும். மின்கலம் தேவையில்லை; வந்து சேரும் அலையின் ஆற்றலே ஒலியாக மாறும். அதனால் ஒலி மிக மெலிதாக இருக்கும். காதில் ஒலிக்கருவியைப் பொருத்திக்கொண்டு மூச்சடக்கிக் கேட்க வேண்டும். பரோஸின் கேள்வி பொறுப்புள்ள ஒரு சோதனையே ஆகும்.

செய்தித்தாள்களின் அச்சம்

வாசித்தது வானொலி. ஆனால் செய்தியைத் திரட்டியது வானொலி அன்று. ராய்ட்டர் போன்ற செய்தி நிறுவனங்கள் திரட்டித் தந்ததை அப்படியே படிப்பது ஒன்றே அறிவிப்பாளரின் வேலை. புதிய கம்பெனிக்குச் சொந்தமாக ஒரு நிருபர்கூட இல்லை.

செய்தித்தாள் உரிமையாளர்கள் இதையே விரும்பினார்கள். முதல்நாள் மாலையே வானொலி செய்தியைச் சொல்லிவிட்டால், மறுநாள் காலையில் காசு கொடுத்து யார் பத்திரிகை வாங்குவார்கள் என்பது அவர்களுடைய அச்சம். எனவே, விரைவில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. மாலை 7 மணிக்கு முன் வானொலியில் செய்தி படிக்கக்கூடாது. அதற்குள் மாலைப் பத்திரிகைகள் விற்றுத் தீர்ந்துவிடும் அல்லவா! ஒரு நொடியில் 3 இலட்சம் கிலோமீட்டர் செல்லும் வானொலி அலையைக் கடிகார முள்ளில் கட்டிப் போட்டார்கள்.

நிகழ்ச்சி அறிவிப்பிலும் சண்டை வந்தது. நாளை என்ன பாட்டு, என்ன பேச்சு, எத்தனை மணிக்கு என்பது தெரிந்தால்தானே வானொலியைக் கேட்க முடியும்? 1923ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பத்திரிகை உரிமையாளர் சங்கம், நிகழ்ச்சிப் பட்டியலை வெளியிட விளம்பரக் கட்டணம் தர வேண்டும் என்றது. லண்டனின் பெருங்கடை ஒன்று தன் விளம்பரத்துக்குள்ளேயே அந்தப் பட்டியலைச் சேர்த்து வெளியிட்டது. மக்கள் அந்தப் பத்திரிகையைத் தேடி வாங்கினர். தடை விரைவில் தளர்ந்தது. ஆனால் வானொலியின் பொது மேலாளர் ஜான் ரீத் இதில் ஒரு பாடம் கற்றுக்கொண்டார். பிறர் தயவில் தம் நிகழ்ச்சிகளை அறிவிப்பது ஆபத்து. 1923 செப்டம்பர் 28 அன்று 'ரேடியோ டைம்ஸ்' என்ற சொந்த வார இதழ் பிறந்தது.

பின்னாளில் நம் நாட்டிலும் இதே வழி பின்பற்றப்பட்டது. 1927 ஜூலை 15 அன்று 'இந்தியன் ரேடியோ டைம்ஸ்' வெளிவந்தது. பம்பாய் நிலையம் திறக்கப்படுவதற்கு எட்டு நாட்களுக்கு முன்பே இதழ் வந்துவிட்டது! தமிழில் 'வானொலி' என்ற இதழ் வருவதற்காகக் காத்திருந்து, நாதசுரக் கச்சேரிக்கும் நாடகத்துக்கும் அடையாளமிட்டு வைத்த குடும்பங்களை மூத்தவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள்.

ஆறு துடிப்புகள்

செய்திக்கு அடுத்தபடி வானொலி தந்த பெரிய கொடை நேரம். வானொலியில் செய்திக்கு முன்பு 'பீப், பீப்' என ஒலிக்கும் நேரக் குறியை நீங்கள் கேட்டிருப்பீர்கள். பி.பி.சி.யின் ஆறு துடிப்புகள் 1924 பிப்ரவரி 5 அன்று தொடங்கின. கடிகார வல்லுநர் பிராங்க் ஹோப்-ஜோன்ஸ் இந்த எண்ணத்தைக் கூறினார். கிரீனிச் வானாய்வுக்கூடத்தின் தலைவர் பிராங்க் டைசன் அதை நிறைவேற்ற உதவினார். வானாய்வுக்கூடத்தில் இருந்த கடிகாரங்களின் ஊசலோடு மின்தொடுப்பைப் பொருத்தினார்கள். ஊசல் ஆடும்போது ஒவ்வொரு நொடிக்கும் ஒரு மின்குறி கம்பி வழியே ஒலிபரப்பு நிலையத்துக்குச் சென்றது. அங்கே அது ஒலியாக மாற்றப்பட்டது. ஆறாவது துடிப்பே சரியான மணி. கேட்போர் குழம்பாமல் இருக்க, 1972 முதல் அந்த ஆறாவது துடிப்பு நீட்டி ஒலிக்கப்படுகிறது.

இதற்குச் சில வாரங்களுக்கு முன், 1923 டிசம்பர் 31 நள்ளிரவில், லண்டன் பிக் பென் மணியோசை முதன்முதலாக ஒலிபரப்பாயிற்று. இங்கே ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். காற்றில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர். மணிக்கூண்டிலிருந்து 170 மீட்டர் தள்ளித் தெருவில் நிற்பவரை மணியோசை எட்ட அரை நொடி ஆகும். மணிக்கு அருகில் ஒலிவாங்கி இருக்கிறது. லண்டனுக்கு 50 கிலோமீட்டர் அப்பால் சிற்றூரில் வானொலி கேட்பவருக்கு அலை சென்று சேர ஆறாயிரத்தில் ஒரு பங்கு நொடி போதும். தெருவில் நிற்பவருக்கு முன்பே, ஊரில் இருப்பவர் மணியோசையைக் கேட்டுவிடுகிறார்! (இன்றைய இலக்க முறை ஒலிபரப்பில் ஒலியை எண்களாக்கி அனுப்பி மீண்டும் ஒலியாக்கச் சிறிது நேரம் பிடிக்கிறது. அதனால் இந்த விந்தை இன்று அவ்வளவு சரியாக நிகழாது.)

இந்தக் கணக்கை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். நிலையத்திலிருந்து உங்கள் வீடுவரை செய்தி ஒளியின் வேகத்தில் வருகிறது. ஆனால் நிகழ்ந்த இடத்திலிருந்து நிலையம்வரை அது எந்த வேகத்தில் வருகிறது? நம் கதையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

ஒன்பது நாட்கள்

1926 மே மாதம் இங்கிலாந்தில் பொது வேலைநிறுத்தம் நடந்தது. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் கூலிக் குறைப்பை எதிர்த்து மற்றத் தொழிலாளர்களும் வேலையை நிறுத்தினர். அச்சகத் தொழிலாளரும் அதில் சேர்ந்துகொண்டதால் செய்தித்தாள்கள் பெரும்பாலும் நின்றுபோயின. உடனே 7 மணிக் கட்டுப்பாடு கைவிடப்பட்டது. காலை முதல் இரவு வரை நாள்தோறும் ஐந்து முறை செய்தி ஒலிபரப்பானது. கருவி உள்ளவர் வீட்டில் அண்டை வீட்டார் கூடினர். கேட்டதை எழுதிப் பொது இடங்களில் ஒட்டியும் வைத்தனர். அதுவரை பொழுதுபோக்காக இருந்த பெட்டி, ஒரே வாரத்தில் நாட்டின் காதாக மாறியது.

அமைச்சராக இருந்த சர்ச்சில், வானொலியை அரசே கைப்பற்ற வேண்டும் என்று வற்புறுத்தினார். ரீத் அதை எதிர்த்தார். பிரதமர் பால்டுவின் வானொலியைக் கைப்பற்றவில்லை. அது பாராட்டத்தக்க வெற்றி எனலாம். ஆனால் அந்த வெற்றிக்கு ஒரு விலையும் இருந்தது. தொழிற்கட்சித் தலைவர் ராம்சே மக்டொனால்டு வானொலியில் பேச விரும்பினார். அவருக்கு இடம் தரப்படவில்லை. சமரசம் செய்ய முன்வந்த கான்டர்பரி தலைமைப் பேராயரின் வேண்டுகோளும் உடனே ஒலிபரப்பப்படவில்லை. சில நாட்கள் கழித்தே இடம் கிடைத்தது. தொழிற்சங்கங்கள் சொன்னதும் செய்தியில் வந்தது உண்மைதான். ஆனால் அவர்களுடைய தலைவரின் குரல் வரவில்லை. மே 12 அன்று வேலைநிறுத்தம் முடிந்ததை ரீத்தே ஒலிவாங்கியின் முன் அமர்ந்து அறிவித்தார்.

1927 ஜனவரி 1 அன்று கம்பெனி மறைந்து, அரச சாசனத்தின்கீழ் இயங்கும் பொதுக் கழகம் தோன்றியது. இன்றைய பி.பி.சி. அதுவே. அரசின் துறையாகவும் இல்லாமல், ஆதாயத்துக்காக நடக்கும் நிறுவனமாகவும் இல்லாமல், கேட்போர் செலுத்தும் உரிமக் கட்டணத்தால் நடப்பது என்ற ஏற்பாடு உலகின் பல நாடுகளுக்கு முன்மாதிரி ஆயிற்று.

அந்த வெள்ளிக்கிழமை

இப்போது 1930 ஏப்ரல் 18க்குத் திரும்புவோம். அந்த ஆண்டில்தான் பி.பி.சி., நிறுவனங்கள் அனுப்பும் செய்திகளைத் தானே தெரிந்தெடுத்து எழுதும் பொறுப்பை ஏற்றிருந்தது. செய்திப் பிரிவில் இருந்தவர்கள் மிகச் சிலரே. சொந்த நிருபர்கள் இன்னும் இல்லை. பெரிய வெள்ளி என்பதால் அரசு அலுவலகங்கள் மூடியிருந்தன. செய்தி நிறுவனங்களிலிருந்தும் சொல்லும்படியாக ஒன்றும் வரவில்லை. இல்லாததை இருப்பதாக ஊதிப் பெருக்காமல், இல்லை என்றே சொல்லிவிட்டார்கள். அந்த நேர்மை மெச்சத்தக்கதே.

ஆயினும் அதே நாளில் ருமேனியாவின் கோஸ்டெஷ்டி என்ற ஊரில், மரத்தால் ஆன சிறிய தேவாலயம் வழிபாட்டின்போது தீப்பற்றி, நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதே நாளில் தமிழகத்தில், திருச்சியிலிருந்து ஏப்ரல் 13 அன்று புறப்பட்ட இராஜாஜியின் உப்புச் சத்தியாகிரகப் படை, வேதாரணியம் நோக்கித் தஞ்சை மாவட்டத்து ஊர்களின் வழியே நடந்துகொண்டிருந்தது. தொண்டர்களுக்கு உணவும் இடமும் தருவோர் தண்டிக்கப்படுவர் என்று மாவட்ட ஆட்சியர் தார்ன் ஆணையிட்டிருந்தார். மக்களோ மறைவாகவும் வெளிப்படையாகவும் சோறிட்டார்கள். ஏறத்தாழ நூறு பேர் வெயிலில் நடப்பது லண்டன் செய்தி அறைக்கு ஒரு செய்தியா? அவர்கள் நடப்பதை அறிந்திருந்தாலும் அன்று அதைச் சொல்லியிருப்பார்களா என்பது ஐயமே.

இவற்றைவிட வியப்பானது மூன்றாவது நிகழ்ச்சி. அன்றிரவு ஏறத்தாழ பத்து மணிக்கு, அன்றைய வங்காளத்தின் சிட்டகாங் நகரில், சூரியா சென் தலைமையில் அறுபதுக்கு மேற்பட்ட இளைஞர்கள் ஆயுதக் கிடங்குகளைத் தாக்கிக் கைப்பற்றினர். மற்றொரு குழு ஐரோப்பியர் கிளப்பைத் தாக்கச் சென்றது. அங்கே எவரும் இல்லை. காரணம், அன்று பெரிய வெள்ளி! லண்டனில் செய்தி அறையை வெறுமையாக்கிய அதே பண்டிகை, சிட்டகாங்கில் கிளப்பையும் வெறுமையாக்கியிருந்தது.

மீண்டும் ஒரு கணக்கு. சிட்டகாங்கில் இரவு பத்து மணி ஆகும்போது லண்டனில் மாலைப் பொழுதுதான். எனவே, "செய்தி எதுவும் இல்லை" என்று அறிவிப்பாளர் சொன்னபோது, தாக்குதல் தொடங்கி மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. அப்படியிருந்தும் செய்தி ஏன் வரவில்லை? புரட்சியாளர் முதலில் செய்த வேலைகளில் ஒன்று, தந்தி, தொலைபேசி நிலையத்தைத் தாக்கித் தொடர்பை அறுத்தது. ரயில் பாதையையும் பெயர்த்தார்கள். சிட்டகாங்கிலிருந்து ஒரு சொல்லும் வெளியே போக வழியில்லாமல் செய்வதே அவர்கள் நோக்கம்.

அந்த நோக்கமும் முழுதாக நிறைவேறவில்லை. துறைமுகத்தில் நின்ற கப்பலில் கம்பியில்லாத் தந்திக் கருவி இருந்தது. அதிகாரிகள் அங்கே சென்று அதன் வழியே கல்கத்தாவுக்குச் செய்தி அனுப்பினார்கள். கம்பியை அறுக்கலாம், அலையை அறுக்க முடியாது. ஆனால் அந்த அலை சென்றது அரசுக்கு. மக்கள் அறிந்துகொண்டதோ அடுத்தடுத்த நாட்களில்.

ஆக, செய்தி என்பது நிகழ்ந்தது அன்று. நிகழ்ந்தவற்றுள் நம்மை வந்து சேர்ந்தது. வந்து சேருவதற்குக் கம்பி வேண்டும்; அனுப்ப ஓர் ஆள் வேண்டும்; அனுப்பலாம் என்ற இசைவு வேண்டும்; பெறுபவருக்கு அது செய்தி என்று தோன்றவும் வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும், உலகம் பற்றி எரிந்தாலும் வானொலியில் பியானோ இசைதான் கேட்கும்.

தேடிச் சென்ற செய்தி

இந்தக் குறையை வானொலியார் மெல்ல உணர்ந்தனர். செய்தி வரும் என்று காத்திருந்தால் போதாது, தேடிச் செல்ல வேண்டும் என்று சில இளைஞர்கள் வாதாடினர். 1936 நவம்பர் 30 இரவு லண்டனின் புகழ்பெற்ற கண்ணாடி மாளிகையான கிரிஸ்டல் பேலஸ் தீக்கிரையானது. ரிச்சர்டு டிம்பிள்பி என்ற இளைய நிருபர், அங்கிருந்தே தொலைபேசி மூலம் நேரடியாகச் செய்தி அளித்தார். கூட்டத்தின் இரைச்சலும் தீயணைப்பு வண்டிகளின் மணியும் வீடுகளில் கேட்டன. மறுநாள் காலைப் பத்திரிகை வரும்வரை மக்கள் காத்திருக்கவில்லை. பதினான்கு ஆண்டுகளுக்கு முன் பத்திரிகை உரிமையாளர்கள் அஞ்சியது அன்று நடந்துவிட்டது. பத்திரிகைகள் அழிந்துவிடவில்லை என்பதும் உண்மை.

நம் நாட்டில்

செய்தி இல்லாத அந்த நாளில் இந்தியாவில் வானொலி எப்படி இருந்தது? சென்னையில் 1924ஆம் ஆண்டிலேயே ஆர்வலர் சிலர் ஒரு வானொலிக் கழகம் அமைத்து ஒலிபரப்பினர். பணமின்மையால் அது 1927ல் நின்றது. பம்பாயிலும் கல்கத்தாவிலும் 1927ல் நிலையம் தொடங்கிய தனியார் கம்பெனியும் நொடித்துப் போயிற்று. 1930 ஏப்ரல் 1 அன்று அரசு அதை ஏற்றது. அதாவது, பெரிய வெள்ளிக்குப் பதினேழு நாட்களுக்கு முன்! நிலையங்களின் ஆற்றலோ ஒன்றரைக் கிலோவாட் மட்டுமே. உப்புச் சத்தியாகிரகம் நாடெங்கும் பரவிய வேளையில், ஒலிவாங்கி அதை அடக்க முனைந்த அரசின் கையிலேயே இருந்தது. 1936ல் அது 'ஆல் இந்தியா ரேடியோ' என்ற பெயர் பெற்றது. 1938ல் சென்னையிலும் 1939ல் திருச்சியிலும் நிலையங்கள் திறக்கப்பட்டன.

ஒலிவாங்கி அரசின் கையில் இருந்தால் எந்தச் செய்தி இல்லாமற் போகும் என்பதை 1942 காட்டியது. 'வெள்ளையனே வெளியேறு' இயக்கத்தின்போது தலைவர்கள் சிறையில், பத்திரிகைகளுக்குத் தணிக்கை. அப்போது பம்பாயில் 22 வயதான உஷா மேத்தாவும் தோழர்களும் 42.34 மீட்டர் அலைவரிசையில் மறைவாக ஒரு காங்கிரஸ் வானொலியை நடத்தினர். காவலர் கண்டுபிடித்துவிடாமலிருக்க இடம் மாற்றி மாற்றி ஒலிபரப்பினர். பத்திரிகைகள் வெளியிடத் தயங்கியதை அவர்கள் அறிவித்தனர். அவற்றுள் ஒன்று சிட்டகாங் மீது விழுந்த குண்டு பற்றிய செய்தி. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் கம்பி அறுந்து செய்தி நின்றுபோன அதே சிட்டகாங்! நவம்பர் 12 அன்று அவர்கள் பிடிபட்டனர். உஷா மேத்தா நான்கு ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார்.

விடுதலைக்குப் பின்னும் நெடுநாள் நம் வானொலி அரசுத் துறையாகவே நீடித்தது. 1997 நவம்பரில் பிரசார் பாரதி என்னும் தன்னாட்சி அமைப்பின்கீழ் வந்தது.

இன்று "செய்தி எதுவும் இல்லை" என்று எந்த நிலையமும் சொல்லாது. இரவும் பகலும் செய்தி கொட்டுகிறது. கைப்பேசியைத் திறந்தால் தீராத செய்தி. ஆனால் ஓசை மிகுந்துவிட்டதால் வந்து சேராதது எதுவும் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. இன்றும் ஒரு கலவரத்தின்போது ஓர் ஊரின் இணையத் தொடர்பு துண்டிக்கப்பட்டால், அவ்வூரிலிருந்து செய்தி வராது. கம்பி மாறியிருக்கிறது, அறுபடுவது மாறவில்லை.

எனவே, மாணவ நண்பர்களே, அடுத்த முறை செய்தி கேட்கும்போது இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். இது எந்த வழியாக வந்தது? எந்த ஊரைப் பற்றி இன்று ஒரு சொல்லும் வரவில்லை? வானொலி அலை ஒளியின் வேகத்தில் உங்கள் வீட்டுக்கு வந்துவிடும். அந்த வேகத்தைக் கண்டு மயங்கி, அது புறப்படுவதற்கு முன் எத்தனை இடத்தில் நின்றது என்பதை மறந்துவிடாதீர்கள்.